தண்ணீரில் ஓடிய காருக்கு ஒரு பக்கம்: விக்கிப்பீடியா பற்றி ஒரு மெக்கானிக்கின் மதிப்புரை

திருச்சியில் இருபது வருடமாக டூவீலர் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். விக்கிப்பீடியாவில் ஸ்டான்லி மேயர் என்ற அமெரிக்கரின் 'தண்ணீர் எரிபொருள் கலம்' (தண்ணீரிலேயே கார் ஓட வைக்கும் என்று அவர் சொன்ன கருவி) பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. தொழிலுக்கு அது எனக்கு எவ்வளவு உதவியது என்பதைச் சொல்லத்தான் இந்த மதிப்புரை.

போன மழைக்காலத்தில் கூரியர் ஓட்டும் தம்பி ஒருவர் ஒரு கிட்டோடு வந்தார். "அண்ணே, ஆறாயிரம் ரூவா. பாதி பெட்ரோல் மிச்சமாம், மாட்டி விடுங்க" என்றார். ஒரு பிளாஸ்டிக் பாட்டில், அதற்குள் ஆறு ஸ்டீல் தகடு, பேட்டரிக்கு இரண்டு ஒயர், ஏர் ஃபில்டருக்கு ஒரு டியூப். கூடவே தண்ணீரில் கலக்க ஒரு பொட்டலம் வெள்ளைப் பொடி. மாட்டினேன். தகட்டிலிருந்து குமிழ் நன்றாகவே கிளம்பியது, தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. நாலாம் நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பாட்டில் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது, தகடு அரித்துப் போயிருந்தது, பேட்டரி காலி. மைலேஜ் பழைய மைலேஜ்தான். விற்றவர் போனை எடுக்கவில்லை.

அப்போதும் தம்பி விடவில்லை. "அமெரிக்காவில் ஒருத்தர் தண்ணியிலேயே கார் ஓட்டினாராம், விஷம் வெச்சுக் கொன்னுட்டாங்களாம்" என்று ஒரு வீடியோவைக் காட்டினார். சரி, அவர் யாரென்று பார்ப்போம் என்று பெஞ்சில் உட்கார்ந்து தேடியபோதுதான் அந்தப் பக்கம் கிடைத்தது.

மேயர் ஒஹையோ மாநிலத்துக்காரர். சுமார் 83 லிட்டர் தண்ணீர் இருந்தால் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் வரை தன் வண்டி போகும் என்று சொன்னவர். அவரிடம் பணம் போட்ட இரண்டு பேர் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் அழைத்த நிபுணர்கள் கலத்தைச் சோதித்தார்கள். அது பள்ளிக்கூட ஆய்வகத்தில் செய்கிற சாதாரண மின்னாற்பகுப்புதான், அதாவது மின்சாரம் விட்டுத் தண்ணீரை ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிப்பதுதான் என்று தெரிந்தது. 1996-ல் இது அப்பட்டமான மோசடி என்று தீர்ப்பு வந்தது, 25,000 டாலரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். 1998-ல் ஓர் உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் வெளியே ஓடிவந்து விழுந்து இறந்தார். மூளை ரத்தக்குழாய் வெடித்த மரணம் என்பது பிரேதப் பரிசோதனை முடிவு. விஷக் கதையும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது, மருத்துவ முடிவும் இருக்கிறது. தம்பி அந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

அப்புறம் நான் சாக்பீஸ் எடுத்து ஷட்டரில் கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரிக்க மொத்தம் சுமார் 4.4 யூனிட் ஆற்றல் வேண்டும். பிரிந்த வாயுவை எரித்தால் அதே 4.4 யூனிட் அளவு வெப்பம்தான் திரும்ப வரும், அதிலும் முக்கால்வாசி இன்ஜின் சூட்டிலும் சைலன்சரிலும் போய்விடும். 12 வோல்ட், 5 ஏஎச் பைக் பேட்டரியில் இருப்பதோ 0.06 யூனிட். ஒரு லிட்டருக்கு எழுபதுக்கு மேல் பேட்டரி வேண்டும். பேட்டரியைத் திரும்பச் சார்ஜ் செய்ய வேண்டியதும் அதே பெட்ரோல் இன்ஜின்தான். தம்பி ரொம்ப நேரம் ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். மோசடி என்று தீர்ப்பான ஆளுக்குக் கலைக்களஞ்சியத்தில் இடம் கொடுத்தால் அதுவே அவருக்கு மாலை போட்ட மாதிரி ஆகிவிடும் என்பது அவர் கட்சி. சார் மேல் எனக்கு மரியாதை அதிகம், ஆனாலும் இதில் ஒத்துப்போக முடியவில்லை. கலைக்களஞ்சியத்தில் பேர் வருவது பத்ம விருது வாங்குவது போல இல்லை. விக்கிப்பீடியாவில் இதற்குக் 'குறிப்பிடத்தக்கமை' என்று பெயர். வெளியார் அந்த ஆளைப் பற்றி நம்பத்தக்க இடங்களில் போதுமான அளவு எழுதியிருக்கிறார்களா என்பதைத்தான் அதில் பார்க்கிறார்கள். மேயரைப் பற்றிப் பத்திரிகை எழுதியது, நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. காப்புரிமைகளும் வாங்கியிருந்தார். காப்புரிமை கிடைத்ததாலேயே பொருள் வேலை செய்யும் என்று ஆகிவிடாது, அது வேறு விஷயம். இந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கிட் விற்கிறவர்களின் வீடியோ மட்டும்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பக்கத்தின் தலைப்பு. ஆளுக்குத் தனி வாழ்க்கை வரலாறு எழுதாமல் தலைப்பைக் கருவிக்கு வைத்திருக்கிறார்கள். மேயரைத் தேடிப் போனாலும் அங்கேதான் வந்து நிற்போம். அவர் சொன்னது என்ன, சோதித்ததில் தெரிந்தது என்ன என்று நேரே விஷயத்துக்குப் போகிறது. சாரிடம் இதைச் சொன்னதும் "அப்படியானால் சரி" என்றார்.

அதே 1996-ல்தான் நம் ஊரில், மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுப்பதாக ராமர் பிள்ளை சொன்ன மூலிகை பெட்ரோல் பேச்சு. அப்போது பட்டறையில் கையாளாக இருந்தேன். டீக்கடையில் தினமும் சண்டை, எடுத்துக் காட்ட ஒரு காகிதம் கிடையாது. இன்று போனில் இருக்கிறது, காசும் கேட்பதில்லை.

ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். அந்த பாட்டிலைக் கழுவாமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். தண்ணீர் கிட் கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் அதைக் காட்டிவிட்டு, அப்புறம் அந்தப் பக்கத்தை வாசிக்கக் கொடுக்கிறேன்.