ஸ்டாக்ஹோம்: மே கடைசியா, ஜூலையா, டிசம்பரா?

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம் போவது என்று முடிவானதும், எந்த மாதம் என்பதில்தான் வீட்டில் பேச்சு நீண்டது. விசாரித்தவர்களில் சிலர் ஜூலை என்றார்கள். பனியும் கிறிஸ்துமஸ் சந்தையும் பார்க்க டிசம்பர்தான் சரி என்றார்கள் வேறு சிலர். கடைசியில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு மே இறுதியில் போய், ஜூன் முதல் வாரம் வரை தங்கினோம். வேலை விஷயமாக டிசம்பரிலும் அங்கே இருந்திருக்கிறேன். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில், என் ஓட்டு மே கடைசிக்குத்தான்.

குளிரைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஜூலையில் பகல் வெப்பம் 23 டிகிரி வாக்கில் இருக்கும். மே கடைசியில் அதைவிடச் சில டிகிரி குறைவு. ஒரு ஸ்வெட்டரும் காற்றைத் தடுக்கும் மேல்சட்டையும் போதும். டிசம்பரில் பூஜ்யத்தை ஒட்டி மேலும் கீழும் போகும். அதனால் பனி பெய்யும் என்று உறுதியாக நம்பிப் போக முடியாது, மழையும் சேறுமாகவும் இருக்கலாம். இன்னொன்று: ஸ்டாக்ஹோம் இருப்பது 59 டிகிரி வடக்கில். வானில் பச்சை ஒளி ஆடுவதையோ, நள்ளிரவிலும் மறையாத சூரியனையோ பார்க்க விரும்புகிறவர்கள் கிரூனா, அபிஸ்கோ என்று வடக்கே வெகுதூரம் போக வேண்டும். அதற்காக ஸ்டாக்ஹோமில் மாதம் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வெளிச்சம். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அங்கே சூரியன் காலை எட்டே முக்கால் வாக்கில் எழுந்து, மதியம் மூன்று மணிக்கு முன்பே விழுந்துவிடும். பகல் மொத்தமே ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரத்திலும் சூரியன் உச்சிக்கு வருவதில்லை. நண்பகலில்கூட அடிவானத்திலிருந்து ஏழு டிகிரி உயரம்தான். பழைய நகரமான காம்லா ஸ்தானின் குறுகிய சந்துகளுக்குள் வெயில் இறங்கவே இறங்காது. மே கடைசியில் கதை வேறு. விடிகாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும், மறைய இரவு ஒன்பதே முக்கால் ஆகும். சாய்வாக இறங்குவதால் மறைந்த பிறகும் வானம் வெகுநேரம் வெளுத்தே இருக்கும்.

இதைப் பயணத் திட்டத்தில் பொருத்திப் பாருங்கள். அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்து வாக்கில் மூடுகின்றன. டிசம்பரில் வெளிச்சம் இருப்பதும் ஏறக்குறைய அதே நேரம்தான். அருங்காட்சியகத்துக்குள் போனால் ஊர் போச்சு, ஊரைச் சுற்றினால் அருங்காட்சியகம் போச்சு. வாசா கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 1628-ல் முதல் பயணத்திலேயே துறைமுகத்துக்குள் மூழ்கி, 1961-ல் மேலே கொண்டுவரப்பட்ட அந்தப் பிரம்மாண்டமான மரக்கப்பலை நிதானமாகச் சுற்றிப் பார்க்க அரைநாள் வேண்டும். மரத்தைக் காப்பதற்காகக் கூடத்தை மங்கலாகவே வைத்திருக்கிறார்கள். டிசம்பரில் மதியத்துக்கு மேல் அங்கிருந்து வெளியே வந்தால் வெளியிலும் இருட்டு. மே மாதத்தில் ஐந்து மணிக்கு வெளியே வந்தோம். வெயில் இன்னும் உறைத்தது. கையில் ஐந்து மணி நேர வெளிச்சம் மிச்சம்.

அந்த ஐந்து மணி நேரத்துக்குக் காசு கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டாக்ஹோமில் ஓட்டல் அறை, சாப்பாடு, நுழைவுச்சீட்டு எல்லாமே விலை அதிகம். யூர்கோர்டன் தீவின் கரையோர நடையும், சோதர்மால்ம் மேட்டில் மாண்டேலியஸ்வேகன் பாதையில் நின்று எதிர்க்கரை நகர மண்டபத்தைப் பார்ப்பதும் இலவசம். ஒருநாள் வாடகைக்கு எத்தனை மணி நேரம் ஊரைப் பார்க்கக் கிடைக்கிறது என்று கணக்குப் போட்டால், மே கடைசிக்கும் டிசம்பருக்கும் மூன்று மடங்கு வித்தியாசம் வரும். அம்மா மெதுவாகத்தான் நடப்பார். இருட்டுவதற்குள் போய்விட வேண்டும் என்ற அவசரம் ஒருநாளும் வரவில்லை. வயதானவர்களோடு போகிறவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும். ஒரே தொந்தரவு, விடிகாலை வெளிச்சத்தில் தூக்கம் கலைவது. கண்பட்டி ஒன்று எடுத்துக்கொண்டால் தீர்ந்தது.

அப்புறம் தீவுகள். ஊருக்குக் கிழக்கே சிறிதும் பெரிதுமாக ஏறக்குறைய 30,000 தீவுகளும் பாறைத்திட்டுகளும் இருக்கின்றன. ஸ்ட்ரோம்காயன் படகுத்துறையிலிருந்து ஒரு மணி நேரத்தில் வாக்ஸ்ஹோல்ம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினாலும் திரும்பும்போது வெளிச்சம் இருக்கும். மே கடைசியில் லைலாக் பூக்கிற சமயம். பள்ளிப்படிப்பை முடித்த பிள்ளைகள் வெள்ளைத்தொப்பி போட்டுக்கொண்டு, இலைக்கொத்துகள் கட்டிய திறந்த லாரிகளில் பாட்டும் கூச்சலுமாக ஊர்வலம் போவதும் இந்த வாரங்களில்தான். ஊரே சந்தோஷமாக இருக்கும் நேரம் அது.

ஜூலைக்கும் நியாயம் இருக்கிறது. கடலில் நீந்த வேண்டும் என்றால் மே மாதத் தண்ணீர் தாங்காது, ஜூலை அல்லது ஆகஸ்ட்தான். அலுவல் பயணிகள் குறைவதால் சில ஓட்டல்கள் ஜூலையில் வாடகையைக் குறைப்பதும் உண்டு. ஆனால் ஊர்க்காரர்கள் நீண்ட விடுப்பில் கோடை வீடுகளுக்குப் போய்விடுவதால், சின்ன உணவகங்கள் பல பூட்டிக் கிடக்கும். பழைய நகரம் முழுக்கப் பயணிகள்தான். மழையும் வசந்தத்தைவிடக் கோடையில்தான் அதிகம். ஜூன் 19-க்கும் 25-க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமை மிட்சம்மர் என்ற நடுக்கோடை விழா நாள். அன்று ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் கொண்டாட்டம் களைகட்டும், நகரத்தின் மற்ற பகுதிகள் வெறிச்சோடிவிடும்.

டிசம்பரில் எனக்குப் பிடித்தவை ஜன்னல்தோறும் எரியும் விளக்குகள், ஸ்டோர்டோரியெட் சதுக்கத்துச் சந்தை, 13-ஆம் தேதி லூசியா நாளின் மெழுகுவர்த்தி ஊர்வலம், குங்குமப்பூ போட்ட மஞ்சள் பன். இரண்டாம் முறை போகிறவர்களுக்கு இது அருமையான மாதம். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

செப்டம்பரில் நான் அங்கே இருந்ததில்லை, அதனால் கணக்கை மட்டும் சொல்கிறேன். மாதத் தொடக்கத்தில் பகல் 14 மணி நேரம், முடிவில் பதினொன்றரை. ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம் குறைந்துகொண்டே வரும். கோடைப் படகு அட்டவணையும் சுருங்கும். மே, ஜூனில் விடுப்பு கிடைக்காதவர்கள் செப்டம்பர் முதல் பாதியைப் பிடிக்கலாம்.

மே கடைசிக்கே போவதென்றால், மாரத்தான் ஓட்டம் நடக்கும் சனிக்கிழமை எது என்று பார்த்துவிட்டு அறை போடுங்கள். அது பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ வரும், அந்த வாரக்கடைசியில் ஓட்டல்கள் நிரம்பிவிடும். ஸ்வீடன் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். நம் ஊர்ப் பள்ளி விடுமுறைக்கு எல்லாரும் முட்டிமோதும் நேரம் என்பதால், ஜனவரியிலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.