தானாக நேரம் மாற்றும் சுவர் மணிக்கூடு: அம்மாவின் அறையில் மூன்று வருடம்

ஸ்காபரோவில் ஒரு கடையில் 45 டொலர் கொடுத்து இந்த மணிக்கூட்டை வாங்கியது அம்மாவுக்காக. இங்கே ரொறன்ரோவில் மார்ச்சில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவோம், அது கோடை நேரம்; நவம்பரில் திரும்பவும் பின்னுக்கு வைப்போம், அது குளிர்கால நேரம். அந்த நவம்பரில் நேரம் மாறியபோது போன் தானாக மாறிவிட்டது, அம்மாவின் அறையிலிருந்த பழைய மணிக்கூட்டை நான் மாற்ற மறந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து டொக்டரிடம் போகவேண்டிய காலை. எழும்பி வந்து பார்த்தால், அம்மா குளிர் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வாசல் கதவடியில் கதிரையில் இருக்கிறார், நெற்றியெல்லாம் வியர்வை. "நேரம் போகுது, ஏன் பிள்ளை இன்னும் வெளிக்கிடேல்லை?" என்று கேட்டார். ஒரு மணித்தியாலம் முன்னதாகவே வந்து இருந்திருக்கிறார். அந்தக் கிழமையே இதை வாங்கிவிட்டேன்.

உள்ளே சின்னதாக ஒரு ரேடியோ இருக்கிறது. அமெரிக்காவில் கொலராடோவின் போர்ட் கொலின்ஸ் பக்கம் டபிள்யூ.டபிள்யூ.வி.பி. என்ற அரச நிலையம் 60 கிலோஹேர்ட்ஸில் இரவு பகலாக நேரத்தை அனுப்பிக்கொண்டிருக்கும், இப்போது கோடை நேரமா இல்லையா என்பதும் அதோடு சேர்ந்தே வரும். அங்கிருந்து ரொறன்ரோ 2000 கிலோமீற்றருக்கு மேல், அதனால் இரவில்தான் அலை நன்றாகப் பிடிக்கும். எங்களுடையது கொங்கிரீட் அடுக்குமாடி. முதலில் குசினிப் பக்கச் சுவரில் மாட்டினேன், இரண்டு கிழமை ஒன்றுமே பிடிக்கவில்லை. மேற்குப் பக்க யன்னலுக்குக் கிட்ட மாற்றினேன், அடுத்த நாள் காலை சரியாக நின்றது.

நவம்பரில் இது மாறுவதைப் பார்க்கவேண்டும். முள்ளுகளுக்குப் பின்பக்கமாகச் சுற்றத் தெரியாது, ஒரு மணித்தியாலம் குறைக்க 11 மணித்தியாலம் முன்னுக்குச் சுற்றி வரும், பெரிய முள்ளு விறுவிறென்று ஓட, உள்ளேயிருந்து மெல்லிய கிர்ர் சத்தம் வரும். அம்மா கட்டிலில் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சரி, குறை என்ன? பின்பக்கத்தில் நான்கு நேர வலயங்களுக்கு ஒரு சுவிட்ச், கோடை நேரம் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு இன்னொன்று. இரண்டாவதை அணைத்தால் வருடம் முழுக்கக் குளிர்கால நேரம்தான். வருடம் முழுக்கக் கோடை நேரம் வேண்டுமென்றால் வழியே இல்லை, அதற்கு எங்களைவிட ஒரு மணித்தியாலம் முன்னால் இருக்கும் அட்லாண்டிக் வலயம் வேண்டும், அது அந்த நான்கில் இல்லை. ஆனால் எங்கள் மாகாணமான ஒன்ராறியோ 2020இல் நிறைவேற்றிய சட்டம் கேட்பது அந்த நிரந்தரக் கோடை நேரத்தைத்தான், பக்கத்திலுள்ள நியூயோர்க்கும் கியூபெக்கும் சேர்ந்தால் நாங்களும் என்ற நிபந்தனையோடு. அப்படி ஒருநாள் நடந்து, அந்த ரேடியோ நிலையம் குளிர்காலத்திலும் கோடை நேரம் என்று அனுப்பாவிட்டால், இந்த மணிக்கூடு குளிர்காலம் முழுக்க ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் காட்டும். வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

நேர மாற்றத்தை நிறுத்தவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மாவுக்குக் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் குளிசை. மார்ச்சில் நேரம் மாறும் அந்தக் கிழமை முழுக்க அவருக்கு நித்திரையும் இல்லை, சாப்பாடும் இறங்காது, மணிக்கூடு எவ்வளவு சரியாகக் காட்டினாலும் உடம்பு கேட்காது. ஆனால் நிறுத்துவதென்றால் குளிர்கால நேரத்தில் நிறுத்துங்கள். ஜனவரித் தொடக்கத்தில் இங்கே சூரியன் எழும்பவே 7:50 ஆகிறது. நிரந்தரக் கோடை நேரம் வந்தால் அது 8:50, பிள்ளைகள் கும்மிருட்டில் பனிக்குள் நின்று பள்ளிக்கூட பஸ் பார்க்கவேண்டும். அமெரிக்கா 1974 ஜனவரியில் இதைச் செய்து பார்த்தது, பிள்ளைகள் இருட்டில் போகிறார்கள் என்று பெற்றோர் கொதித்தெழ, அந்த ஒக்ரோபரிலேயே கைவிட்டுவிட்டது. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் பெரும்பாலான இடங்களில் நேரத்தைத் தொடுவதே இல்லை, அங்கேயும் சனம் வாழ்கிறதுதானே.

அம்மாவுக்கு இந்தக் குழப்பம் புதிதில்லை. 1996இல் மின்சாரத் தட்டுப்பாடு என்று இலங்கை அரசு நேரத்தை முன்னுக்குத் தள்ளியது, முதலில் ஒரு மணித்தியாலம், அப்புறம் அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தார்கள். வன்னியில் புலிகளின் பகுதிகளில் பழைய நேரமே இருந்தது, வவுனியாவுக்கு வந்தால் புது நேரம். 2006 ஏப்ரலில்தான் எல்லாம் பழையபடி ஆனது. இன்றைக்கும் மார்ச்சில் சுவரைப் பார்த்து, "இது பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்பார்.

எனது மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. வாங்கினால் பற்றரியை இரவு படுக்கும் முன் போடுங்கள், மைக்ரோவேவுக்கும் டிவிக்கும் தள்ளி மாட்டுங்கள். காலையில் நேரம் பிழையாக இருந்தால் உடனே கடைக்குத் திருப்பிக் கொண்டு ஓடவேண்டாம், வேறு யன்னல் பக்கம் இரண்டு மூன்று இரவு வைத்துப் பாருங்கள்.