களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு வார்டில்

கனடாவிலிருந்து இந்த முறை ஊருக்குப் போன லீவு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில்தான் கழிந்தது. மார்த்தாண்டத்தில் இருக்கும் சித்தப்பாவுக்குப் பக்கவாதம். எங்கள் பக்கத்து ஆட்கள் பலரையும் போல அவரையும் திருவனந்தபுரத்துக்குத்தான் கொண்டுபோனார்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கேரள எல்லையிலிருக்கும் களியக்காவிளையின் நெரிசலைத் தாண்டியும் ஆம்புலன்ஸ் நேரத்துக்குப் போய்விட்டது. ஆள் பிழைத்தார், வலது கைகாலும் பேச்சும் இன்னும் திரும்பவில்லை.

சிகிச்சையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விழுங்க முடிகிறதா என்று சோதிக்காமல் ஒரு வாய் தண்ணீர்கூட அவருக்குக் கொடுக்கவில்லை. அடியில் விரித்த துணியைப் பிடித்து ஆளை எப்படிப் புரட்டுவது என்று ஒரு சிஸ்டர் சித்திக்குப் பொறுமையாகச் சொல்லித் தந்தார். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், ராத்திரியிலும்.

என் வருத்தம் அங்கேதான். ஒரு நோயாளிக்கு ஒரு பைஸ்டாண்டர் பாஸ், அதாவது துணைக்கு இருக்கும் ஒருவருக்கான அனுமதிச் சீட்டு. அதை வைத்திருந்த சித்தி எழுபதை நெருங்கும் சர்க்கரைக்காரி. ராத்திரிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மருந்துச் சீட்டு வந்தால் கீழே பார்மசிக்கு ஓட வேண்டும். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துவிடுவாரோ என்று காலைச் சாப்பாடு தள்ளிக்கொண்டே போகும். சித்திக்குச் சர்க்கரை எவ்வளவு என்று அந்த வார்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டது சித்தப்பா மட்டும்தான். சாப்பாட்டு நேரமானால் இடது கையால் சித்தியின் பையைத் தட்டுவார். இன்சுலின் அதில்தான் இருக்கிறது. “போட்டாச்சு, பாருங்க” என்று சித்தி காட்டி, இரண்டு இட்லி சாப்பிட்டு முடிக்கும்வரை தட்டுவதை விடமாட்டார்.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஏசி ரூமுக்குக் கொடுக்கிற காசில் ராத்திரிக்கு ஒரு ஹோம் நர்ஸ் வையுங்கள். சித்தி முதலில் சம்மதிக்கவில்லை. “அவருக்கு என் கைதான் பழக்கம் மக்களே.” பகல் முழுக்க உங்கள் கைதானே என்று கெஞ்சி, பாஸை நர்ஸிடம் கொடுக்க வைத்து, பக்கத்து லாட்ஜில் தூங்க அனுப்பினோம்.

அப்புறம் டிஸ்சார்ஜ். ஊருக்கு வந்ததும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ கைகொடுத்தது. தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய திட்டம். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மருந்தும் வாசலுக்கே வருகிறது. சித்தப்பா பெயரை எழுதிக்கொள்ள வந்த அக்காவிடம் சித்தி பெயரையும் சேர்த்தே எழுதச் சொன்னோம்.