பத்துக்கு மூன்று சிக்கிய என் 10/22 ரைஃபிளும், அதைச் சரிசெய்து கொடுத்த கடையும்

நானே பாகம் பாகமாக வாங்கி வீட்டு மேசையில் சேர்த்த ரூகர் 10/22 ரக ரைஃபிள் ஒன்று என்னிடம் இருக்கிறது. வரிசை எண்ணோடு முறைப்படி வாங்கிய ரிசீவர் (மற்ற பாகங்கள் பொருந்தும் நடு உடல்), அதில் கனத்த பேரல் (குழல்), வேறொரு இடத்தில் வாங்கிய போல்ட் (முன்னும் பின்னும் ஓடித் தோட்டாவை ஏற்றும் பாகம்), மரத்தில் செய்த பின்கட்டை. பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் பத்துத் தோட்டா போட்டால் மூன்று சிக்கும். சில சமயம் காலிக் கேஸ் (சுட்ட தோட்டாவின் கூடு) வெளியேறாமல் திறப்பில் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். சில சமயம் கேஸ் வெளியே போய்விடும், ஆனால் அடுத்த தோட்டாவை எடுக்காமலேயே போல்ட் மூடிக்கொள்ளும், ட்ரிகரை இழுத்தால் வெறும் 'கிளிக்' மட்டும்தான். இரண்டு மாதம் எக்ஸ்ட்ராக்டரை (கேஸை இழுத்தெடுக்கும் கொக்கியை) மாற்றினேன், மேகசின் (தோட்டாப் பெட்டி) வாங்கினேன், எண்ணெயை மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. முதலில் போன ஒரு கடையில் ரைஃபிளைத் திறந்துகூடப் பார்க்காமல் போல்ட்டை மாற்றச் சொன்னார்கள். இந்தப் பதிவு இரண்டாவதாகப் போன கடையைப் பற்றியது.

அங்கே வேலை பார்ப்பவர் ஒருவர்தான், வயதானவர். உறையிலிருந்து ரைஃபிளை எடுக்கும்போதே மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து, சேம்பருக்குள் (பேரலில் தோட்டா உட்காரும் இடம்) கண்ணால் பார்த்து, பிறகு அதன் வாயைச் சுண்டுவிரல் நுனியால் தொட்டும் பார்த்தார். 10/22இல் கடைசித் தோட்டா தீர்ந்ததும் போல்ட் தானாகத் திறந்து நிற்காது, அதனால் மூடியிருப்பதை வைத்துக் காலி என்று முடிவுசெய்யக் கூடாது என்றார். எனக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் ஒருவர் அதைப் பழக்கமாகவே செய்வதைப் பார்த்ததும் நம்பிக்கை வந்தது. அடுத்து அவர் கேட்டது என்னிடம் இல்லாத ஒன்றை. "காலிக் கேஸ் கொண்டுவந்தீர்களா?" இல்லை என்றேன். இருபது முப்பது சுட்டு, சிக்கியதைத் தனிப்பையிலும் சிக்காததைத் தனிப்பையிலும் போட்டு எடுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

மறுமுறை போனபோது அந்தக் கேஸ்களை வெள்ளைத் துணியில் கொட்டி, ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். எனக்கும் காட்டினார். சிக்கியவற்றில் பாதிக்கு மேல் உடலின் நீளத்துக்குக் கீறல், விளிம்பில் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி வழுக்கிப் போன பளபளப்பு. அதாவது கொக்கி பிடித்திருக்கிறது, ஆனால் கேஸ் சேம்பரை விட்டு லேசில் வரவில்லை. இரண்டு மாதமாக நான் கொக்கியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்!

இந்த ரகம் வேலை செய்யும் விதத்தை அவர் விளக்கியது பிறருக்கும் உதவும். இதில் வெடிவாயுவை எடுத்துவரும் குழாயும் கிடையாது, போல்ட்டைப் பூட்டிவைக்கும் ஏற்பாடும் கிடையாது. வெடிக்கும் அழுத்தம் காலிக் கேஸைப் பின்னால் தள்ள, கேஸ் போல்ட்டைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். போல்ட்டின் எடையும், அதைத் திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கும்தான் அது எப்போது, எவ்வளவு தூரம் திறக்கும் என்பதை முடிவு செய்கின்றன, போகிற வழியில், ட்ரிகரை இழுத்ததும் விழுந்து தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலையும் அதுவே அழுத்திவிட்டுப் போக வேண்டும். இது சுடும் பாயிண்ட் 22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) சின்னத் தோட்டா, கையிருப்பு விசை குறைவு. ஸ்பிரிங் கொஞ்சம் கடினமாக இருந்தாலோ, கேஸ் கொஞ்சம் ஒட்டினாலோ, போல்ட் முழுத் தூரம் போகாமல் பாதியில் திரும்பிவிடும்.

அப்புறம் ஒரு நல்ல காரியம் செய்தார். போல்ட்டின் பக்கங்களில் கறுப்பு மார்க்கரால் பூசி, ஐந்து சுட்டுவிட்டுக் கழற்றினார். மை எங்கே உரிந்திருக்கிறதோ அங்கேதான் உரசல். என் போல்ட்டில் எங்குமே பெரிதாக உரியவில்லை, ஆனால் பின்னால் போல்ட் மோத வேண்டிய குறுக்குப் பின்னில் பூசிய மை அப்படியே கலையாமல் பளபளத்தது. போல்ட் அதுவரை போகவே இல்லை. காரணம் நான் போட்ட ஸ்பிரிங். கடினமானது நல்லது என்று எங்கோ படித்துவிட்டு மாற்றியிருந்தேன், அதையும் வைத்துக்கொண்டு அதிவேக வகையைவிட மெதுவான, நொடிக்கு 1,070 அடி வேகத் தோட்டாவைச் சுட்டுக்கொண்டிருந்தேன். பழைய ஸ்பிரிங்கை மாட்டியதும் 'கிளிக்' போய்விட்டது.

புகைபோக்கி மட்டும் போகவில்லை, அதுவும் நூறு தோட்டாவுக்குப் பிறகுதான் வந்தது. என் பேரல் போட்டிக்காகச் செய்தது, சேம்பர் இறுக்கமானது. இந்தத் தோட்டாக்களின் ஈயக் குண்டில் மெழுகோ கிரீஸோ பூசியிருப்பார்கள், அது புகைக்கரியோடு சேர்ந்து சேம்பரின் முனையில் வளையமாகப் படியும். நான் பேரலைத் துடைத்தேன், சேம்பரைத் தனியாகத் தேய்த்ததே இல்லை. கரைப்பான் நனைத்த பித்தளை பிரஷ்ஷைக் கையால் நாலைந்து சுற்றுச் சுற்றி வெளியே எடுத்தபோது வந்த கறுப்பை இன்னும் மறக்கவில்லை. கூடவே, பேரலை ரிசீவரோடு இழுத்துப் பிடிக்கும் வி வடிவக் கட்டையின் இரண்டு திருகில் ஒன்று தளர்ந்திருந்ததையும் சொன்னார், அது முழுக்க என் வேலை.

எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றினார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு சுட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டார். மேகசின்களில் எண் எழுதி, கோளாறு எந்த மேகசினோடும் சேர்ந்து போகவில்லை என்று முதலிலேயே அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். ட்ரிகரில் கை வைக்கவே இல்லை. இடையில் ஒரு தோட்டா சத்தம் குறைவாக 'டப்' என்றதும் உடனே நிறுத்தி, காலி செய்து, குண்டு பேரலுக்குள் தங்கியிருக்கிறதா என்று கம்பி விட்டுப் பார்த்த பிறகே தொடர்ந்தார். அவசரத்தில் அடுத்ததைச் சுட்டுப் பேரலைக் கெடுத்தவர்களும் கையைக் காயப்படுத்திக்கொண்டவர்களும் உண்டு, ஆகவே இந்த ஒரு பழக்கத்துக்காகவே அவரிடம் போகலாம்.

குறை இல்லாமல் இல்லை. பத்து நாள் என்று சொன்னது மூன்று வாரமானது. போன் எடுக்கவே மாட்டார், நேரில்தான் போக வேண்டும். என்ன செய்தார் என்பதை எழுதித் தரும் வழக்கமும் இல்லை, நானே குறித்துக்கொண்டேன்.

கடைசி நாள் என் முன்னால் மூன்று வகைத் தோட்டாவில் நூறு நூறு சுட்டோம். அதிவேக வகை, 1,070 அடி வகை இரண்டிலும் ஒன்றும் சிக்கவில்லை. சத்தம் குறைந்த மெதுவான வகையில் நான்கு சிக்கின. அந்த விசையில் இந்த போல்ட் நம்பகமாக ஓடாது, அதற்காக ஸ்பிரிங்கை வெட்டிவிடாதீர்கள் என்றார். நான் வெட்டவில்லை. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். போகிறவர்கள் ரைஃபிளோடு வழக்கமாகச் சுடும் தோட்டாவையும், எல்லா மேகசினையும், காலிக் கேஸ் பைகள் இரண்டையும் கொண்டுபோங்கள், ஒரு நடை மிச்சம்.