மாட்டுங்காவில் பன்னிரண்டு சனிக்கிழமைகள்

மும்பை ஃபோர்ட் பகுதியில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். ஏசியாட்டிக் சொசைட்டி என்ற பழைய நூலகம் இருக்கும் டவுன்ஹால் படிக்கட்டில் உட்கார்ந்து எத்தனையோ நாள் டிபன் பாக்ஸைத் திறந்திருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் நின்ற தூண்கள் கிரேக்கக் கோயில்களின் டோரிக் பாணி என்பது மேற்கத்தியக் கலை வகுப்பு ஒன்றுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அந்த வகுப்பை மாட்டுங்காவில் தமிழ் அன்பர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறார்கள். 12 சனிக்கிழமை மாலை, 3,000 ரூபாய். மேற்கத்திய ஓவியம், இலக்கியம், தத்துவம் எல்லாம் காலவரிசையில், தமிழிலேயே.

மூன்றையும் பிரிக்காமல் ஒன்றாகச் சொல்லித்தருவதுதான் இங்கே பெரிய விஷயம். கிரேக்கத் தத்துவவாதிகள் பிளேட்டோவையும் அரிஸ்டாட்டிலையும் முதல் வாரங்களிலேயே படித்துவிட்டோம். பிறகு ஒருநாள், இத்தாலிய ஓவியர் ரஃபேல் 1509-11 வாக்கில் வாடிகனில் வரைந்த ‘ஏதென்ஸின் பள்ளி’ திரையில் வந்தது. “கைகளை மட்டும் பாருங்கம்மா” என்றார் ஆசிரியர். பிளேட்டோவின் விரல் மேலே காட்டுகிறது. அரிஸ்டாட்டிலின் உள்ளங்கை தரையைப் பார்த்து விரிந்திருக்கிறது. உண்மை இந்த உலகுக்கு மேலே இருக்கிறதா, இங்கேயே இருக்கிறதா என்று நான் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்த வாதம் அந்த இரண்டு கைகளிலேயே இருந்தது.

தாந்தே வகுப்பை மறக்கவே மாட்டேன். இந்த இத்தாலியக் கவிஞரின் ‘டிவைன் காமெடி’ காவியம் மூன்று மூன்று அடியாகப் போகிறது. நடு அடியின் இயைபை அடுத்த மூன்றடியில் முதல் அடியும் கடைசி அடியும் வாங்கிக்கொள்கின்றன. ஆசிரியர் அதைக் கலர் சாக்பீஸால் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். “அந்தாதி மாதிரி இருக்கே சார்?” என்று கேட்டுவிட்டேன். “கிட்டத்தட்ட. அந்தாதியில் சொல்லே தொடரும், இங்கே ஓசை மட்டும் தொடருது” என்றார். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அபிராமி அந்தாதி சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: அந்தக் காவியத்தின் பழைய கையெழுத்துப் பிரதி ஒன்று ஏசியாட்டிக் சொசைட்டியிலேயே இருக்கிறதாம். நான் சாப்பிட உட்காரும் அதே படிகளுக்கு மேலே!

குறையும் உண்டு. ஜெராக்ஸ் குறிப்புகள் ஒரு வாரம் தாமதமாகத்தான் வரும். புரொஜக்டரில் வெளிச்சம் போதாது; பிரெஞ்சு ஓவியர் மோனே 1872இல் வரைந்த சூரிய உதயத்தில் அந்த ஆரஞ்சுச் சூரியன் சேற்று நிறமாகத் தெரிந்தது. அந்தப் படத்துக்கு ஐந்தே நிமிடம் வேறு. தத்துவவாதிகள் காண்ட், நீட்சே, கூடவே மோனே என மூவரையும் ஒரே மாலையில் திணித்தது எனக்குச் சரியாகப் படவில்லை. நவீன காலத்துக்கு மட்டும் இன்னும் நான்கு வாரம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்குத் தனியாகப் பணம் கேட்டாலும் கட்டுவேன்.