பத்து வெள்ளி ரப்பரும் என் ஆர்.எக்ஸ்.இசட்டும்

போன வாரம் தங்கை மகன் ஈப்போவிலிருந்து போன் செய்தான். "மாமா, பழைய யமஹா ஆர்.எக்ஸ்.இசட் மோட்டார்சைக்கிள் ஒன்னு பார்த்து வச்சிருக்கேன், வாங்கலாமா?" அவன் கேட்ட நேரம் சரியில்லை. மூன்று மாதம் என்னைப் பாடாய்ப் படுத்திய ஒரு துண்டு ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். "வாங்காதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். பிள்ளை முகம் வாடியிருக்கும். அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது 1997 மாடல். தோட்டத்தை விட்டு சுங்கை சிப்புட் டவுனுக்கு வீடு மாறிய வருஷம் அப்பா வாங்கியது. 133 சிசி, டூ ஸ்ட்ரோக், மற்றதெல்லாம் ஊருக்கே தெரியும். 2011-இல் உற்பத்தி நின்றது, விலை மட்டும் நிற்கவில்லை.

நோய் இதுதான். காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். பத்து நிமிடம் ஓடிச் சூடேறியதும், திராட்டலை விட்டாலும் ஆர்.பி.எம். இறங்காது. சிவப்பு விளக்கில் நின்றால் பக்கத்தில் நிற்பவனைப் பந்தயத்துக்குக் கூப்பிடுவது போல உறுமும். எனக்கு வயது 52. ஐட்லிங் திருகைக் குறைத்தால் மறுநாள் காலையில் அணைந்து அணைந்து போகும். காட்டிய கடையில் எல்லாம் ஒரே பதில், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டர். கழுவினார்கள், ஜெட் மாற்றினார்கள், மறுபடி கழுவினார்கள். மூன்று முறை காசு கொடுத்தேன். ரப்பர் குழாய் ஒன்றையும் யாரும் விரலால் அழுத்திக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்க வேண்டிய முனை, சுண்ணாம்பு தடவியது போல வெளுத்திருந்தது. எங்கோ திருட்டுக் காற்று உள்ளே போகிறது. காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும். டூ ஸ்ட்ரோக்கில் அது பிஸ்டன் ஜாமில் போய் முடியும்.

சரி என்று கார்பரேட்டர் கிளீனர் ஒரு டப்பா வாங்கினேன். வெட்டவெளியில் மோட்டாரை நிறுத்தி, சூடேற்றி, ஒவ்வொரு ரப்பர் இணைப்பிலும் துளித் துளியாக அடித்தேன். ஓட்டை இருக்கும் இடத்தில் பட்டால் அது உள்ளே போய் எஞ்சின் சத்தம் மாறும். (எக்ஸாஸ்ட் பக்கம் அடித்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.) கார்பரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் மானிஃபோல்டில் ஒன்றும் ஆகவில்லை. ஒய்.இ.ஐ.எஸ். டப்பாவுக்குப் போகும் குழாயில் பட்டதும் எஞ்சின் சத்தம் மாறியது.

அந்த டப்பாவை அலங்காரப் பொருள் என்று நினைப்பவர்கள் உண்டு. எஞ்சினுக்குள் கலவையை விடும் ரீட் வால்வு மூடும் நேரத்தில், வந்துகொண்டிருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை போக இடமில்லாமல் தேங்கும். அதை வாங்கி வைத்து அடுத்த உறிஞ்சலில் திருப்பிக் கொடுப்பதுதான் அதன் வேலை. குழாய் வெடித்தால் கலவைக்குப் பதில் வெளிக்காற்று போகும். என் குழாய் மேலே பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. வளைத்தேன். வளைவின் அடியில் பித்தவெடிப்பு போல வரிவரியாகப் பிளவு. குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொள்கிறது, சூடானதும் வாய் திறக்கிறது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் உழைத்த ரப்பரைக் குறை சொல்வது நியாயமில்லை என்று தெரியும். இருந்தாலும் திட்டினேன்.

மாற்றுக் குழாய் தேடியது தனிக் கூத்து. ஆன்லைனில் வாங்கியது மெல்லிசு. எஞ்சின் உறிஞ்சியதும் சப்பையானது. நண்பன் பேச்சைக் கேட்டு பெட்ரோலுக்கு மீன்தொட்டி டியூப் போட்டதும் நான்தான். சில வாரத்தில் மஞ்சளாகிக் கட்டைபோல் விறைத்துவிட்டது. பக்கத்து ஊர் கோலகங்சாரில் 1877-இல் நட்ட பால்மரம் இன்றும் நிற்கிறது. முப்பது வருஷம் பால்மரம் சீவிய அப்பா வீட்டிலேயே இருக்கிறார். எனக்கு ஒரு சாண் ரப்பர் கிடைக்கவில்லை! அப்பாவிடம் புலம்பினால், "நம்ம பால்மரத்து ரப்பர் பெட்ரோல்ல ஊறிப் போயிடும்டா" என்கிறார். உண்மைதான். பெட்ரோல் தாங்குவது நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர். கடைசியில் பழைய உதிரிப்பாகக் கடைத் தவுக்கே (முதலாளி), நூல் பின்னிய கனமான பெட்ரோல் ஹோஸில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். புதுக் கிளிப்போடு சேர்த்துப் பத்து வெள்ளி (ரிங்கிட்).

அதோடு விட மனம் வரவில்லை. பெட்ரோல் குழாய், டூ-டி எனும் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் போகும் குழாய் இரண்டையும் மாற்றினேன். எண்ணெய்க் குழாயில்தான் கவனம் வேண்டும். உள்ளே காற்றுக் குமிழி நின்றால் பம்ப் காற்றைத்தான் தள்ளும், எஞ்சினுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போகாது. பம்பில் உள்ள, காற்றை வெளியேற்றும் பிளீட் திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் எண்ணெய் வடியும்வரை விட்டு இறுக்க வேண்டும். பயத்தில் நான் பெட்ரோலிலும் கொஞ்சம் டூ-டி கலந்துகொண்டேன். எழுந்த புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா, கொசுப் புகை அடிக்க வந்துவிட்டார்கள் என்று ஜன்னலைச் சாத்திவிட்டார்.

முன் பிரேக் ஹோஸை மட்டும் நான் தொடவில்லை, கடையில் கொடுத்தேன். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி யமஹா கையேடுகளில் இருக்கும். எங்களுடையதைக் கடைசியாக எப்போது மாற்றினோம் என்று அப்பாவுக்கும் நினைவில்லை.

இப்போது சிவப்பு விளக்கில் பூனை மாதிரி நிற்கிறது. சிம்மோர் வரை போய்வந்தேன், மூன்றாம் கியரில் அந்த இழுப்பு அப்படியே இருக்கிறது. ஆனாலும் தம்பி, நான் சொன்னது சொன்னதுதான், வாங்காதே. பழைய டூ ஸ்ட்ரோக் வாங்கினால் அதன் ரப்பரையெல்லாம் சேர்த்துத்தான் வாங்குகிறாய். பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப் போ. விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைக்கக் கூடாது, நாம்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பத்து நிமிடம் ஓட்டிய பிறகு விலை பேசலாம். பார்த்துவிட்டு உனக்கு வேண்டாம் என்று தோன்றினால், அவரிடம் உடனே சொல்லிவிடாதே. முதலில் என் காதில் போடு.