பழைய டேப்பை டிவிடிக்கு மாற்ற: ரெக்கார்டரா, கணினியா?

வீட்டு விஎச்எஸ் டேப்புகளை டிவிடியில் ஏற்ற டிவிடி ரெக்கார்டர் போதும் என்பது ஒரு கட்சி. கணினியில் மினிடிவி வடிவில் (டிஜிட்டல் கேமரா டேப்புகளில் வரும் வீடியோ வடிவம்) பதிந்து, பிறகு டிவிடி கேட்கும் சுருக்க வடிவமான எம்பெக்-2 ஆக்கு என்பது இன்னொன்று. இரண்டிலும் செய்து பார்த்துவிட்டுக் கணினியில் நின்றவன் நான். ஆகவே சாய்வு இருக்கும்.

ரெக்கார்டரின் சௌகரியத்தைச் சொல்லவே வேண்டாம்: இரண்டு வயர், ஒரு பட்டன், டேப் முடியும்போது டிஸ்க்கும் தயார். கணினியில் ஒரு மணி நேர டேப்புக்குச் சுமார் 13 ஜிபி இடம் வேண்டும். என்கோட், அதாவது எம்பெக்-2 ஆகச் சுருக்கும் வேலை, முடியக் காத்திருக்கவும் வேண்டும்.

ஆனால் படத்தின் தரத்தைத் தீர்மானிப்பது, எப்போது சுருக்குகிறோம் என்பதுதான். எம்பெக்-2 பெரும்பாலும் ஒரு ஃபிரேமுக்கும் (வீடியோவின் ஒரு தனிப் படம்) அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதிவைத்து இடத்தை மிச்சம் பிடிக்கிறது. அசையாத சுவருக்குச் செலவே இல்லை. பழைய டேப்பில் அசையாத சுவர் என்று ஒன்று ஏது? புள்ளி இரைச்சல் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறுகிறது. என்கோடருக்கு அதுவும் அசைவுதான். பிட்டுகளை, அதாவது கோப்பில் தனக்குக் கிடைத்த இடத்தை, அதற்கே கொட்டிவிட்டு, யாராவது ஓடும்போதோ கேமரா திரும்பும்போதோ முகத்தைக் கட்டம் கட்டமாக உடைக்கிறது. ரெக்கார்டர் அந்தந்த நொடியே முடிவெடுத்தாக வேண்டும். அடுத்து என்ன காட்சி வரும் என்று அதற்குத் தெரியாது. கணினியில் முதலில் இரைச்சலை ஃபில்டரில் குறைக்கலாம். அப்புறம் இரண்டு சுற்று என்கோடிங்: முதல் சுற்றில் எந்தக் காட்சி கடினம் என்று அளந்து, இரண்டாவதில் பிட்டைப் பங்கிடும்.

வெட்டி ஒட்டுவதிலும் இதே கதை. மினிடிவியில் ஒவ்வொரு ஃபிரேமும் தனியாகச் சுருக்கப்பட்டது, எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். ரெக்கார்டர் தந்த எம்பெக்-2 கோப்பில் முழு ஃபிரேம் இல்லாத இடத்தில் வெட்டினால் அந்தப் பகுதியை மறுபடி சுருக்க வேண்டும். தரம் இன்னும் இறங்கும்.

4.7 ஜிபி டிஸ்க்கில் இரண்டு மணி நேரம் என்றால் ஒலியும் சேர்த்துச் சுமார் 5 எம்பிபிஎஸ்தான் (நொடிக்கு இத்தனை மெகாபிட்) கிடைக்கும். ஒலியைச் சுருக்காத பிசிஎம்மில் வைத்தால் அதிலேயே 1.5 போய்விடும், சுருக்கிய டால்பியில் 0.2 போதும். இதற்கும் மேல் நீளம் என்றால் 720 பிக்சல் அகலத்தை 352 ஆக்கிவிடுங்கள். விஎச்எஸ்ஸில் அகலவாக்கில் இருக்கும் விவரமே சுமார் 240 கோடுகள், பெரிதாக எதுவும் போகாது. இன்டர்லேஸை (ஒவ்வொரு ஃபிரேமும் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் கோடுகள் கொண்ட இரண்டு ஃபீல்டுகளாக இருப்பது) மட்டும் தொடாதீர்கள். மினிடிவியில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். அந்த வரிசை மாறினால் அசைவு வெட்டி வெட்டி இழுக்கும்.

உள்ளேயே இரைச்சல் நீக்கும் விலை உயர்ந்த ரெக்கார்டர்களை நான் பயன்படுத்தியதில்லை; அங்கே வித்தியாசம் குறையலாம். சாதாரண ரெக்கார்டரிலும் டிஸ்க்குக்கு ஒரு மணி நேரம் என்று பதிந்தால் படம் மோசமில்லை. வெட்ட எதுவும் இல்லாத, சுத்தமான டேப்புக்கு அதுவே போதும்.